கர்ணன் யாரிடம் விடைபெறக் கற்றுக்கொள்வது?

போன வாரம் ஒரு தம்பி போன் செய்தான். நாடகத்துறையில் முதுகலை இரண்டாம் ஆண்டு. இறுதித் தேர்வுக்கு 20 நிமிடத் தனிநடிப்பு செய்ய வேண்டும். அவன் எடுத்திருப்பது கர்ண மோட்சம் என்ற தெருக்கூத்தில் கர்ணன் பொன்னுருவியிடம் விடைபெறும் இடம். முன்னால் இரண்டு மாத விடுமுறை இருக்கிறது. கையிலிருக்கும் பணம் ஏதாவது ஒரு பயிற்சிக்குத்தான் காணும். "அண்ணே, ஸ்ட்ராஸ்பெர்க் முறையில ஒரு பட்டறை நடக்குது, அதுக்குப் போகவா? மெய்ஸ்னர் நல்லா இருக்கும்னு சொல்றாங்க. இல்ல பேசாம கூத்து ஜமாவோட கெளம்பிடட்டுமா?"

ஸ்ட்ராஸ்பெர்க்கும் மெய்ஸ்னரும் நியூயார்க்கில் நடிப்பு கற்றுக்கொடுத்தவர்கள். ஜமா என்றால் ஊர் ஊராகப் போய் ஆடும் தெருக்கூத்துக் குழு. நான் உடனே பதில் சொல்லவில்லை. யாரைப் பார்த்து நடிக்க ஆசை வந்தது என்று கேட்டேன். யோசிக்காமல் "சிவாஜி, அப்புறம் பிராண்டோ" என்றான். நாடகம் படிக்க வருகிற பாதிப் பேர் இதே போல ஒரு ஜோடிப் பெயரைச் சொல்வார்கள். இப்போது பசுபதி, குரு சோமசுந்தரம் என்று கூத்துப்பட்டறை நாடகக் குழுவிலிருந்து வந்தவர்களின் பெயரும் சேர்ந்துகொள்கிறது. ஆசை வரவழைத்த நடிகரும் வேலை கற்றுத்தர வேண்டிய வாத்தியாரும் வேறு வேறு ஆட்கள். இதை ஒன்றாகக் குழப்பிக்கொண்டு நான் இரண்டு வருடம் வீணாக்கினேன். அதனால்தான் இந்த ஒப்பீடு.

முதலில் சிவாஜி. கர்ணன் என்று வாயைத் திறந்தாலே 1964-இல் வந்த படம்தான் நம் தொண்டையில் உட்கார்ந்திருக்கிறது. தம்பி போனிலேயே இரண்டு வரி சொல்லிக் காட்டினான். இழுவை, நிறுத்தம், கடைசி எழுத்தின் நடுக்கம் எல்லாம் சிவாஜி. அந்தப் படத்தில் கர்ணனின் மனைவி பெயர் சுபாங்கி, தேவிகா நடித்தது. கூத்தில் அவள் பொன்னுருவி, கணவனைத் தேரோட்டி வளர்த்த பிள்ளை என்று ஏளனமாக வைத்திருப்பவள். ஆளே வேறு, விடைபெறுவதும் வேறு. படத்துக் கர்ணனின் குரலை எடுத்துக் கூத்துக் கர்ணனின் வாயில் வைத்தால் ஒட்டாது. சிவாஜியிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவர் எங்கிருந்து வந்தார் என்பதை. சின்னப் பையனாக, சிறுவர்களே நடிக்கும் பாய்ஸ் கம்பெனி நாடகக் குழுவில் சேர்ந்து சீதை வேஷம் கட்டி வளர்ந்தவர் அவர். பாட்டு, வசனம், ஆண் வேஷம், பெண் வேஷம் என்று உடம்பில் ஏற்றிய வருடங்கள்தான் அந்தக் குரல். குரலை மட்டும் காப்பி அடித்தால் அது பலகுரல் நிகழ்ச்சி.

ஹாலிவுட் நடிகர் மார்லன் பிராண்டோ கதை இன்னும் வேடிக்கை. அவரைக் காட்டித்தான் ஊர் ஊராக 'மெத்தட்' என்ற பெயரில் பட்டறை நடத்துகிறார்கள். மெத்தட் என்றால் லீ ஸ்ட்ராஸ்பெர்க். பிராண்டோவோ தனக்குக் கற்றுத்தந்தவர் ஸ்டெல்லா ஆட்லர் என்றுதான் சொன்னார், ஸ்ட்ராஸ்பெர்க் என்று யாராவது சொன்னால் கடுப்பானார். இருவரும் ஒரே வீட்டிலிருந்து பிரிந்தவர்கள். 1931-இல் நியூயார்க்கில் ஸ்ட்ராஸ்பெர்க், ஹரால்ட் கிளர்மன், செரில் கிராஃபர்ட் மூன்று பேரும் சேர்ந்து குரூப் தியேட்டரைத் தொடங்கினார்கள். மாஸ்கோவின் நாடக இயக்குநர் ஸ்டானிஸ்லாவ்ஸ்கியிடமிருந்து கேள்வியறிவாக வந்ததை வைத்து ஸ்ட்ராஸ்பெர்க் அங்கே நடிகர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அந்தப் பயிற்சி ஒத்துக்கொள்ளாமல் தவித்த ஆட்லர் 1934-இல் பாரிஸில் ஸ்டானிஸ்லாவ்ஸ்கியையே பிடித்துவிட்டார். சில வாரம் அவருடன் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பி, பெரியவர் இப்போது சொந்த நினைவைத் தோண்டச் சொல்வதில்லை, பாத்திரத்தின் சூழ்நிலையையும் கற்பனையையும் செயலையும்தான் பார்க்கச் சொல்கிறார் என்றார். ஸ்ட்ராஸ்பெர்க் ஏற்கவில்லை. 90 வருடம் தாண்டிவிட்டது, அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை. தம்பியின் கேள்வியும் பாதி அதே சண்டைதான்.

சரி, ஸ்ட்ராஸ்பெர்க்கிடமிருந்தே தொடங்குவோம். கர்ணன் விடைபெற வேண்டுமா? உன் வாழ்க்கையில் நீ யாரிடமிருந்தாவது கடைசியாக விடைபெற்ற கணத்தை எடு. அழுகையை நேராகத் தேடாதே. அந்த அறையின் வாசனை, கையில் பட்ட துணி, கேட்ட சத்தம் என்று புலன்களைப் பிடித்துப் போ, உணர்ச்சி தானாக வரும் என்பது அவர் வழி. வேலை செய்யும் வழிதான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

நான் மாணவனாக இருந்தபோது இப்படி ஒரு மூன்று நாள் பட்டறைக்குப் போனேன். எங்கள் அப்பத்தா இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. நடத்தியவர் சொன்னபடி கண்ணை மூடி, அப்பத்தாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். தைலம், வெற்றிலை, ஈரத்துண்டு. முதல் நாள் குலுங்கிக் குலுங்கி அழுதேன், எல்லாரும் கைதட்டினார்கள். இரண்டாம் நாளும் வந்தது, கொஞ்சம் குறைவாக. மூன்றாம் நாள் மாலை பார்வையாளர்கள் முன்னால் நின்றபோது ஒன்றும் வரவில்லை. வராததை வரவழைக்க மூச்சைப் பிடித்துத் திணறினேன். கடைசி வரிசையில் இருந்த நண்பன் பிறகு சொன்னது: "நீ என்னமோ கஷ்டப்பட்டேன்னு தெரிஞ்சுது. வசனம்தான் ஒண்ணும் கேக்கல." அதுகூடப் பரவாயில்லை. அதற்கப்புறம் வெகுநாள் வரை அப்பத்தாவை நினைத்தால் அந்தப் பட்டறை அறையின் டியூப்லைட்தான் முன்னால் வந்தது.

வெகு காலம் கழித்துத்தான் ஒன்று தெரிந்துகொண்டேன். குறைந்தது ஏழு வருடமாவது பழைய நினைவைத்தான் தொட வேண்டும் என்பது ஸ்ட்ராஸ்பெர்க்கே வைத்த விதி. மூன்று நாள் பட்டறைகளில் அதைச் சொல்லக் கேட்டதில்லை. இன்னொன்று, நியூயார்க்கில் நடிகர்கள் பயிற்சி செய்யும் ஆக்டர்ஸ் ஸ்டுடியோவின் பொறுப்பை அவர் 1951-இல் ஏற்று 1982-இல் இறக்கும் வரை நடத்தினார். தொழில்முறை நடிகர்கள் வாரம் தவறாமல் வந்து வருடக்கணக்கில் செய்த வேலை அது. அதன் உச்சத்தை மட்டும் வெட்டி எடுத்து வாரக்கடைசியில் பரிமாறுகிறார்கள். ஸ்ட்ராஸ்பெர்க்கிடம் தம்பி எடுத்துக்கொள்ளலாம் என்று நான் நினைப்பது அவருடைய முதல் படியை மட்டும். இல்லாத டம்ளரைக் கையில் பிடித்து, அதன் சூட்டை விரலில் தேடி, எடையை மணிக்கட்டில் தேடி தினமும் பத்து நிமிடம். அதற்குப் பணமும் வேண்டாம், அப்பத்தாவும் வேண்டாம்.

ஆட்லர் வேறு பக்கம் இழுப்பவர். யூதர்களின் மொழியான யிட்டிஷ் நாடக மேடையின் பெரிய நட்சத்திரமான ஜேக்கப் ஆட்லரின் மகள். சின்ன வயதிலேயே மேடை ஏறியவர். உன் வாழ்க்கை சிறியது, பாத்திரத்தின் வாழ்க்கை பெரியது, பெரியதைச் சிறியதின் அளவுக்கு வெட்டாதே என்பது அவர் சொன்னதன் சாரம். அவர் சொன்னபடி செய்தால் அழுகையைத் தேடும் நேரத்தில் பிரதியைத் தேட வேண்டியிருக்கும்.

தம்பியிடம் போனிலேயே கேட்டேன். கர்ணன் விடைபெற வரும்போது மார்பில் என்ன இருக்கிறது? "கவசம்... இல்லண்ணே, அதான் இந்திரன் வாங்கிட்டுப் போயிட்டானே." ஆமாம். உடம்போடு பிறந்ததை அறுத்துக் கொடுத்தவன். அப்படியானால் அந்த மார்பு எப்படி இருக்கும்? பொன்னுருவி அதைப் பார்த்திருக்கிறாளா? தொட்டிருக்கிறாளா? போனில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. குந்திக்குக் கொடுத்த வாக்கு அவனுக்குத் தெரியும், மனைவிக்குத் தெரியுமா? அர்ச்சுனனைத் தவிர மற்ற நால்வரைக் கொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போருக்குப் போகிறவன் வீட்டில் என்ன சொல்வான், எதை மறைப்பான்? தேரோட்டி வளர்த்த பிள்ளை என்று ஏளனம் கேட்டவனுக்கு இன்று தேர் ஓட்டப் போகிறவன் சல்லியன், ஒரு ராஜா. அந்தக் குத்தல் அவனுக்கு உறைக்கிறதா?

மறுநாள் தம்பி ஒரு வீடியோ அனுப்பினான். வசனம் அதே வசனம். ஆனால் நடுவில் ஒரு இடத்தில் கை மார்புப் பக்கம் போகிறது, தொடாமல் பாதியில் நிற்கிறது, அப்புறம் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்வது போல இறங்குகிறது. அந்த ஒரு வரியில் சிவாஜி காணாமல் போயிருந்தார். ஆட்லர் முறையில் இருக்கும் பெரிய வசதி இதுதான். நோட்டும் பென்சிலும் இருந்தால் போதும், தனியாகவே செய்யலாம். மகாபாரதம் கேட்டு வளர்ந்த நமக்குச் சூழ்நிலை விவரங்கள் கொட்டிக் கிடக்கின்றன. கதை தெரியும் என்ற தெனாவெட்டில் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. குறை என்னவென்றால், மேசையில் யோசித்தது எல்லாம் உடம்புக்கு வந்துவிடும் என்ற உத்தரவாதம் இல்லை. நோட்டு முழுக்க எழுதிவிட்டு மேடையில் மரமாக நின்றவர்களையும் பார்த்திருக்கிறேன்.

மெய்ஸ்னர் அவன் கேட்ட இரண்டாவது பெயர். இவரும் குரூப் தியேட்டர்காரர்தான். நியூயார்க்கின் நெய்பர்ஹுட் ப்ளேஹவுஸில் 1935 முதல் பல பத்தாண்டுகள் கற்றுக்கொடுத்தார். பிற்காலத்தில் தொண்டைப் புற்றுநோயால் குரல்வளையை எடுத்த பிறகும் உணவுக்குழாயில் காற்றை ஏப்பம் போல வெளியேற்றிப் பேசி வகுப்பை நடத்தினார். இரண்டு பேர் எதிரெதிரே நின்று ஒருவர் சொன்னதை மற்றவர் திருப்பிச் சொல்வதுதான் அவர் பயிற்சியின் அடித்தளம். தமிழில் இதைச் செய்து பார்த்தால் ஆங்கிலத்தில் வராத ஒரு விஷயம் முதல் நிமிடத்திலேயே வரும். "நீ நீலச் சட்டை போட்டிருக்க" என்று சொல்வதா, "நீங்க போட்டிருக்கீங்க" என்பதா? ஜூனியர் ஒருத்தி சீனியரைப் பார்த்து 'நீ' என்று சொல்ல நேர்ந்தபோது அறையே மாறியதைப் பார்த்திருக்கிறேன். அவள் தயங்கிய அந்த அரை நொடியில் இருந்த உண்மை அவள் வருடம் முழுக்கப் பேசிய வசனத்தில் இருந்ததில்லை. பொன்னுருவி கர்ணனை எப்படிக் கூப்பிடுவாள் என்ற கேள்விக்கு இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியாது.

ஆனால் தம்பி செய்வது தனிநடிப்பு, எதிரில் ஆளில்லை. ஒத்திகைக்கு மட்டும் ஒரு தோழியை வாய் பேசாத பொன்னுருவியாக உட்கார வைக்கலாம். முழுப் பயிற்சிக்கு அது போதாது. ஒவ்வொரு வரியிலும் 'நான் நடிக்கிறேன் பார்' என்று தெரிகிறவர்களுக்கு மெய்ஸ்னரைப் போல மருந்து கிடையாது. தம்பியின் வியாதி அதுவல்ல.

ழாக் லெகாக் பற்றி அவன் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன். காரணம் விடைபெறுதல். விளையாட்டுப் பயிற்சியிலிருந்து நாடகத்துக்கு வந்த பிரெஞ்சுக்காரர் இவர், 1956-இல் பாரிஸில் பள்ளி தொடங்கினார். அவருடைய முதலாண்டுப் பாடத்தில் நடுநிலை முகமூடி என்று ஒன்று உண்டு. இத்தாலியச் சிற்பி அம்லெத்தோ சார்த்தோரி தோலில் செய்து கொடுத்த முகமூடி, அதில் சிரிப்பும் இல்லை சோகமும் இல்லை. அதைப் போட்டுக்கொண்டு செய்யும் பயிற்சிகளில் ஒன்று, படகில் போகும் நண்பனுக்குத் துறையில் நின்று கடைசிக் கையசைப்பு. போயிட்டு வர்றேன் என்கிற கையசைப்பு அல்ல, இனி இல்லை என்கிற கையசைப்பு.

வெள்ளைக் காகிதக்கூழில் ஒரு முகமூடி செய்து நாங்கள் ஒரு முறை முயன்றோம். முகம் போனதும் எத்தனை பேருக்குக் கை என்ன செய்வது என்றே தெரியவில்லை! ஒருவன் பஸ் நிறுத்துவது போல ஆட்டினான். இன்னொருவன் கையை உயர்த்தினான், ஆனால் கால் இரண்டும் அடுத்த வேலைக்குக் கிளம்பத் தயாராக நின்றன. விடைபெறுவது தோளிலும் பாதத்திலும் இருக்கிறது, கண்ணில் இருப்பது கடைசிச் சொட்டுத்தான் என்று அன்று புரிந்தது. வீடியோவில் தம்பியின் கழுத்துக்குக் கீழே எதுவும் நடக்கவில்லை, மார்புக்குப் போன அந்த ஒரு கையைத் தவிர. அவனுக்கு உடம்பு வேலைதான் வேண்டும். ஆனால் லெகாக் பள்ளி இரண்டு வருடப் படிப்பு, பிரான்ஸில். முறையாகப் படித்துவிட்டு வந்து இங்கே சொல்லித்தருகிறவர் யாராவது பக்கத்தில் இருந்தால் விடாமல் பிடித்துக்கொள்ளலாம். யூடியூப் பார்த்து முகமூடி போடுவது நாங்கள் செய்த மாதிரிதான் முடியும்.

குரோட்டோவ்ஸ்கி, மைக்கேல் செகாவ் போன்ற மற்ற நடிப்பு வாத்தியார்கள் எல்லாம் இந்தத் தடவை வேண்டாம் என்றேன். ஜெர்மன் நாடகக்காரர் பிரெக்ட்டை மட்டும் ஒரு காரணத்துக்காகத் தொட வேண்டும். ஒத்திகையில் நடிகன் தன் வசனத்தைப் படர்க்கையில் சொல்லிப் பார்க்கட்டும், இறந்தகாலத்தில் சொல்லிப் பார்க்கட்டும் என்று அவர் சொன்னார். நான் கர்ணன் என்று நிற்காதே, கர்ணன் இப்படிச் செய்தான் என்று காட்டு. 1935-இல் மாஸ்கோவில் சீன நடிகர் மெய் லான்ஃபாங்கைப் பார்த்தது அவரை உலுக்கியது, அதைப் பற்றிக் கட்டுரையே எழுதினார். கூத்துப் பார்த்தவர்களுக்கு இது பழைய சோறு. திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு கர்ண மகாராஜன் வந்தானே என்று கர்ணனே தன்னைப் பற்றிப் பாடிவிட்டுத்தானே வெளியே வருகிறான்!

அந்தத் திரையை ஒரு முறையாவது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். மேலே கிரீடத்தின் நுனி மட்டும் தெரியும், கீழே சலங்கை கட்டிய பாதம். நடுவில் இருக்கும் ஆள் தெரிய மாட்டான். சின்ன நாதஸ்வரம் போன்ற முகவீணை ஏறும், மிருதங்கம் பிடித்துக்கொள்ளும், பின்பாட்டுக்காரர்கள் வரியைத் திருப்பித் திருப்பி வாங்குவார்கள். துணி அப்படியும் இப்படியும் அசையும், ஆனால் விலகாது. பார்க்கிற நமக்குப் பொறுமை போன பிறகுதான் விலகும். விலகியதும் கட்டை வேஷக்காரர் ஒரு கிறிக்கி அடித்துச் சுற்றி வந்து நிற்பார் பாருங்கள், அந்த ஆள் காலையில் டீக்கடையில் குந்தியிருந்தவர் என்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது.

தோளில் புஜக்கட்டை, மார்பில் பதக்கம், தலையில் கிரீடம், எல்லாம் மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு பதித்தது. கட்டிக்கொண்டால் தோளைக் கூனவே முடியாது, கழுத்தைச் சும்மா திருப்பவும் முடியாது. லெகாக் முகமூடியால் செய்ததை இந்த மரக்கட்டைகள் செய்கின்றன. கழுத்துக்குக் கீழே வேலை செய்யாமல் தப்பிக்க வழியே கிடையாது. பெயரே கட்டை வேஷம். இந்த ஒப்பீடு என் சொந்தக் கற்பனை அல்ல. லெகாக்கிடம் படித்த பிரெஞ்சு இயக்குநர் அரியான் முனுஷ்கின் 2016-இல் பாரிஸில் மேடையேற்றிய நாடகத்தில் தெருக்கூத்துக் காட்சிகள் இருந்தன. அந்தப் பிரெஞ்சு நடிகர்களுக்கு அடவு சொல்லிக்கொடுத்தவர் நம் புரிசை கண்ணப்ப சம்பந்தன். பாரிஸ்காரர்கள் தேடி வந்தது செய்யாறு பக்கத்துக் கிராமத்தை. தம்பி அங்கே போக பஸ் டிக்கெட் எடுத்தால் போதும்.

கூத்தைப் பற்றி உருகி உருகி எழுதுகிறவர்கள் சொல்லாத சிலதும் உண்டு. யாரும் விளக்கிச் சொல்லித்தர மாட்டார்கள். ஏன் இந்த இடத்தில் இந்த அடவு என்று கேட்டால், "அப்டித்தான், ஆடு" என்பதே பதில். இரவு பத்துக்குத் தொடங்கி விடியும்வரை ஆட்டம், பகலில் தூக்கம், மாலையில் அடுத்த ஊர் வேன். முதல் இரண்டு வாரம் பெட்டி தூக்கவும் திரை பிடிக்கவும்தான் விடுவார்கள். இப்போது எல்லா ஊரிலும் மைக் வந்துவிட்டதால், ஆட்டக்காரர் வசனத்துக்கு மைக் இருக்கும் இடத்தில் வந்து நிற்கிறார். பழைய குரல் வேலை எல்லாரிடமும் கிடைக்காது. பெண்களுக்கு இன்னும் சிரமம். காஞ்சிபுரம் பக்கத்தில் 2002-இல் தொடங்கிய கட்டைக்கூத்து குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் படித்து வேஷம் கட்டினார்கள். ஆனால் பொதுவாக ஜமா என்பது இன்றும் ஆண்கள் கூட்டம்தான். தங்குமிடம், இரவுப் பயணம் எல்லாம் முன்கூட்டியே பேசிக்கொள்ளாமல் ஒரு மாணவியை நான் அனுப்ப மாட்டேன். அப்புறம், இரண்டு மாதத்தில் யாரும் கூத்துக்காரர் ஆவதில்லை. பத்து நாள் இருந்துவிட்டு வந்து, கிரீடமும் நாலு அடவும் ஒட்டவைத்து நகரத்து மேடையில் பூச்சாண்டி காட்டுகிறவர்கள் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறார்கள்.

இத்தனையும் சொல்லிவிட்டு அவனுக்கு நான் சொன்ன முடிவு கூத்துதான். பட்டறைப் பணத்தைப் பையில் வை. சித்திரை, வைகாசி முழுக்கத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும், பதினெட்டாம் போர் முடிந்து, துரியோதனன் விழும் படுகளம் வரை நாள் கணக்கில் கூத்து இருக்கும். கர்ண மோட்சம் கட்டாயம் வரும், ஒரே சீசனில் ஊருக்கு ஊர் நாலைந்து தடவை பார்க்கலாம். அதே கர்ணன், அதே பொன்னுருவி, வேறு வேறு இரவு. ஆட்டம் பார்த்த மறுநாள் மத்தியானம் தூங்கி எழுந்ததும் ஆட்லர் நோட்டை எடு. வாத்தியார் சொல்லாத 'ஏன்' எல்லாவற்றையும் அதில் நீயே கேட்டு எழுது. ஜமாவிடம் அதைக் காட்டி விவாதிக்காதே, சிரிப்பார்கள், சிரிப்பதும் நியாயம். தேர்வு மேடையில் கட்டை கட்டாமல், வேட்டி துண்டோடு செய். இரண்டு மாதம் திரை பிடித்துக்கொண்டு பார்த்தது தோளில் மிஞ்சியிருந்தால் அது தெரியும், மிஞ்சவில்லையென்றால் கிரீடம் வைத்தும் பிரயோஜனம் இல்லை.

இதே கேள்வியை வேறு ஒரு பிள்ளை கேட்டிருந்தால் பதில் மாறியிருக்கும். போன வருடம் ஒரு பெண் கேட்டாள். குரலும் அசைவும் நன்றாக இருந்தும் கூட நடிப்பவரைக் கண்ணெடுத்துப் பார்க்காதவள். அவளை ஒரு துணையோடு மூன்று மாதம் மெய்ஸ்னர் பயிற்சி செய்யச் சொன்னேன். கூத்துக்கு அனுப்பியிருந்தால் இன்னும் கொஞ்சம் அழகாகத் தனியே ஆடியிருப்பாள்.

தம்பி கடைசியாகக் கேட்டது, என்னென்ன எடுத்துப் போக வேண்டும் என்று. பாய், போர்வை, டார்ச், கொசுவர்த்தி, நோட்டு. தேங்காய் எண்ணெய் மட்டும் பெரிய பாட்டிலாக வாங்கிக்கொள் என்றேன். விடிந்ததும் அரிதாரம் கலைக்க எல்லாரும் புதுப் பையனிடம்தான் கேட்பார்கள்.